சால்மனுக்குப் போவதற்கு முன் ஆற்றைப் பாருங்கள்

செப்டம்பர் பிறந்ததும் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சால்மன் மீன் ஆற்றில் ஏற ஆரம்பித்துவிட்டதா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "கடைசியாக மழை எப்போது பெய்தது? ஆறு இப்போது ஏறுகிறதா, இறங்குகிறதா?"

பதினாறு வருடமாக இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரையில் நிற்கிறேன். முதல் நான்கைந்து வருடம் லீவு கிடைத்த நாளில் போனேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கணுக்காலளவு ஓடினாலும் போனேன், சேற்று நிறத்தில் புரண்டு வந்தாலும் போனேன். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம் ஒரு நோட்டு போட்டு, போகும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டம், நிறம், வெப்பம், மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். மூன்று சீசன் முடிந்து புரட்டிப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நான் பிடித்த மீன்களில் பெரும்பாலானவை, மழைக்குப் பின் ஆறு ஏறி, மறுபடி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மூன்று நாட்களில் கிடைத்தவை. அதனால் இங்கே தூண்டில் ராடு, தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் பற்றிக் கொஞ்சமாகவும் தண்ணீரைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

மீன் ஏன் மழைக்குக் காத்திருக்கிறது

சால்மன் தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது என்பது பலருக்கும் தெரியும். ஆற்றின் அருகில் வந்த பிறகு வழிகாட்டுவது மணம். குஞ்சாக இருந்தபோது பதிந்த அந்தத் தண்ணீரின் வாசனையை வைத்துத்தான் எந்தக் கிளையில் திரும்ப வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் 1950களிலிருந்து இதைச் சோதித்துக் காட்டினார். கோடை முடிவில் ஆறு மெலிந்து கிடக்கும்போது அந்த மணம் முகத்துவாரத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை. நல்ல மழை பெய்து புதுத்தண்ணீர் இறங்கினால், மண்ணும் இலையும் ஊறிய வாசனையோடு ஆறு வெகுதூரம் வரை தன் வரவைச் சொல்லிவிடுகிறது.

மழை இன்னும் மூன்று காரியம் செய்கிறது. கல் பரந்த ஆழமில்லாத இடங்களை, பத்துக் கிலோ மீன் வயிறு உரசாமல் தாண்டும் அளவுக்குத் தண்ணீர் வருகிறது. கலங்கல், பறவைகளின் கண்ணிலிருந்து மீனை மறைக்கிறது. தண்ணீரும் குளிர்கிறது. அதுவரை முகத்துவாரத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தவை ஒரே இரவில் உள்ளே நுழைந்துவிடும். கடலில் சேரும் ஆறானால் கடலின் ஏற்றமும் வற்றமும் கூடக் கணக்கில் வரும். கீழ்ப்பகுதியில் மீன் பெரும்பாலும் கடல் ஏற்றத்தோடு சேர்ந்துதான் உள்ளே வரும்.

எந்த வகை சால்மன் எப்போது வரும் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். பொதுவாகப் பெரிய சினூக் முன்னால் வரும், கோஹோ அதற்குப் பின்னால், சம் இன்னும் தாமதமாக. பிங்க் சால்மனுக்கு ஆயுள் இரண்டே வருடம் என்பதால் சில ஆறுகளில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நிறைய வரும். இவை எல்லாம் பசிபிக் சால்மன், முட்டையிட்டதும் இறந்துவிடும். அட்லாண்டிக் சால்மன் மட்டும் பிழைத்துக் கடலுக்குப் போய் மறுபடி வரக்கூடும். வட அமெரிக்காவின் பேரேரிகளில் இப்போது ஓடும் கோஹோவும் சினூக்கும் 1966லும் 1967லும் மிச்சிகன் மாநிலத்தில் விடத் தொடங்கிய குஞ்சுகளின் வழி வந்தவை. அங்கே ஏரிதான் அவற்றுக்குக் கடல்.

ஏறுகிறதா, இறங்குகிறதா

அமெரிக்காவிலும் கனடாவிலும் முக்கியமான ஆறுகளில் அரசின் நீரளவு நிலையங்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே ஆற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஓட்டத்தை விநாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள், கனடாவில் கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. அந்த எண் மட்டும் ஒன்றையும் சொல்லாது. உங்கள் ஆற்றில் அந்த எண்ணுக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் நேரில் பார்த்துப் பழக வேண்டும். நான் அதிகம் போகும் ஆறு கோடை முடிவில் 6 கன மீட்டரில் கிடக்கும். நல்ல மழைக்கு 25 வரை போகும். அது 14க்கு இறங்கும்போது நான் கிளம்பிவிடுவேன். 9 வரை நல்ல மீன்பிடி. அதற்கும் கீழே போனால் விடியற்காலை ஒரு மணி நேரம் மட்டும்தான். பக்கத்து ஆற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எண்ணைவிட, ஓட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டுப்படத்தின் சரிவைப் பாருங்கள். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால் ஆறு இலை, குச்சி, குப்பை எல்லாவற்றையும் சுமந்து வரும். மீன் அப்போது நகர்ந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. உச்சிக்குப் போய், வளைந்து, மெல்ல இறங்க ஆரம்பித்த பிறகுதான் அது மடுக்களில் நின்று இளைப்பாறும்.

சீசனின் முதல் மழையை நம்பி ஏமாறாதீர்கள். வறண்ட மண் அதைக் குடித்துவிடும், ஆறு ஒரு விரல் கூட உயராது. அக்டோபர் முடிவில் அதே அளவு மழை பெய்தால் கதை வேறு. மண் ஏற்கனவே ஊறியிருக்கும். இலை உதிர்ந்த மரங்களும் முன்போலத் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. ஆறு சில மணி நேரத்தில் ஏறிவிடும்.

அளவு நிலையம் இல்லாத சின்ன ஆறா? கரைக்கு வந்ததும் முதலில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலும் இருக்கும் கல்லாக இருக்கட்டும். தண்ணீர் விளிம்புக்கு மேலே அந்தக் கல்லில் ஈரப்பட்டை தெரிந்து, அதில் மெல்லிய சேறு ஒட்டியிருந்தால் ஆறு இறங்குகிறது. பட்டை இரண்டு விரல் அகலம் என்றால் மெதுவாக, ஒரு சாண் என்றால் வேகமாக. விளிம்பு வரை கல் காய்ந்திருந்து, காய்ந்த புல்லும் சருகும் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியிருந்தால் ஏறுகிறது என்று அர்த்தம். நான் ஒரு குச்சியை விளிம்பில் ஊன்றிவிட்டுத்தான் ராடைப் பிரிப்பேன்.

அந்தப் பழக்கம் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. அணைக்குக் கீழே, தொடையளவு தண்ணீரில் நடு மேட்டுக்குப் போய் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். மழை இல்லை, வானம் வெளுத்திருந்தது. எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தால் கரையில் ஊன்றிய குச்சியைக் காணவில்லை. முன்பு விளிம்பில் இருந்தது, இப்போது தண்ணீருக்குள் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மேலே அணையில் தண்ணீரைத் திறந்திருக்கிறார்கள். மீன் கொத்திக்கொண்டிருந்த நேரம்தான், ஆனாலும் உடனே கிளம்பினேன். போகும்போது தொடையளவு இருந்த இடம் திரும்பும்போது இடுப்பைத் தொட்டது. இன்னும் கால் மணி நேரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அணைக்குக் கீழே நிற்பவர்கள் தண்ணீர் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சங்கு ஊதினால் மீனைப் பார்க்காமல் கரையைப் பாருங்கள்.

நிறமும் வெப்பமும்

முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். பூட்ஸின் முனை மங்கலாகத் தெரிகிறதா? கொஞ்சம் பச்சை கலந்த, பாசி படிந்த கண்ணாடி போன்ற நிறமா? அதுதான் வேண்டும். மீன் உங்களைப் பார்க்காது, இரையைப் பார்க்கும். பூட்ஸ் சுத்தமாகத் தெரியவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள், அல்லது மேலே உள்ள கிளை ஆறுகளுக்குப் போங்கள். சின்ன ஆறு சீக்கிரம் தெளியும், பெரிய ஆறு நாள் எடுக்கும். பூட்ஸின் கயிற்று முடிச்சு வரை தெளிவாகத் தெரிந்தால் மீன் வெயில் நேரத்தில் ஆழத்தில் பதுங்கும். அப்போது விடியும் முன் போய் நிற்க வேண்டும், நரம்பும் இரையும் சின்னதாக வேண்டும்.

ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி எப்போதும் பையில் வைத்திருங்கள். என் அனுபவத்தில் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை மீன் சுறுசுறுப்பாக இருக்கும். 18ஐத் தாண்டினால் திணறும். 20 காட்டினால் நான் தூண்டிலே போடாமல் திரும்பிவிடுவேன். காரணம் ஆக்ஸிஜன். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 20 டிகிரியில் 9தான். உடம்புக்கோ சூட்டில் அதிகம் தேவைப்படும். அந்த நிலையில் பிடித்துப் போராட வைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். மறுபக்கம், 5க்குக் கீழே போனால் மீன் மந்தமாகிவிடும். இரையை அதன் மூக்குக்கு நேரே மெதுவாகக் கொண்டுபோக வேண்டும்.

எங்கே நிற்கும்

ஏறி வரும் சால்மன் சக்தியை வீணாக்காது. வேக ஓட்டத்துக்குப் பக்கத்தில், ஆனால் அதற்குள் இல்லாமல் நிற்கும். வேகமாக ஓடும் தண்ணீரும் மெதுவாக ஓடும் தண்ணீரும் உரசும் இடத்தில் மேலே ஒரு மெல்லிய கோடு தெரியும், நுரையும் இலையும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். என்னை ஒரே இடத்தில் தூண்டில் போடச் சொன்னால் அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தைத்தான் சொல்வேன். ஒரு மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம், இடுப்பு முதல் கழுத்து வரை ஆழம்.

மடுவுக்குத் தலை, வயிறு, வால் என்று மூன்று பகுதி உண்டு. கல்லில் இறங்கி நுரைத்து விழும் இடம் தலை. வெயில் ஏறியதும், தண்ணீர் தெளிந்ததும் மீன் அங்கே போகும், நுரை கூரை போல மறைக்கும், ஆக்ஸிஜனும் அதிகம். வயிறு ஆழமானது, கூட்டமாக ஓய்வெடுக்கும் இடம். அங்கே நிறைய மீன் தெரியும், புரளும், ஆனால் கொத்துவது குறைவு. புதியவர்கள் நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வால் என்பது ஆழம் குறைந்து, தண்ணீர் வழவழவென்று கண்ணாடித்தாள் போலச் சரியும் இடம். கீழேயிருந்து சலசலப்பைத் தாண்டி வந்த மீன் முதலில் மூச்சு வாங்குவது அங்கேதான். விடியற்காலையில் நான் வாலிலிருந்து ஆரம்பித்து, வெயில் ஏற ஏறத் தலைக்கு நகர்வேன். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் இதையெல்லாம் பார்க்க முடியாது, அதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

தக்கையும் சினையும்

ஸ்பூன், ஸ்பின்னர் என்ற உலோகப் போலி இரைகள், ஈ போலச் செய்த தூண்டில் எல்லாமே வேலை செய்யும். கலங்கலில் பெரிய ஸ்பின்னர் நல்லது, அதன் அதிர்வை மீன் உணரும். எனக்குக் கை வந்தது தக்கைதான், அதைப் பற்றியே சொல்கிறேன்.

ஆற்றுக்குள் வந்த சால்மன் பெரும்பாலும் சாப்பிடுவதை நிறுத்திவிடும். பிறகு ஏன் கொத்துகிறது? கோபமோ, பழக்கமோ, இடத்தைக் காக்கும் உணர்வோ, ஏதோ ஒன்று. அதனால் இரை அதற்கு முன்னால் இயல்பாகப் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். சால்மன் சினையைச் சின்ன வலைத்துணியில் முடிந்து முள்ளில் கோப்பேன். கலங்கலில் கோலிக்குண்டு அளவு, தெளிவில் பட்டாணி அளவு. சினைக்குத் தடை உள்ள ஆறுகளும் உண்டு, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளோடு சேரும் கடைசி நரம்பு சினூக்குக்கு 12 முதல் 15 பவுண்டு இழுவை தாங்குவது, கோஹோவுக்கு 8 முதல் 10. ஈயக்குண்டுகளைத் தக்கைக்குக் கீழே நெருக்கமாகவும் முள்ளை நோக்கிப் போகப்போகச் சின்னதாகவும் அமையுங்கள்.

ஆழம்தான் உயிர். இரை அடியிலிருந்து ஒரு சாண் மேலே போக வேண்டும். தக்கையை மேலே தள்ளிக்கொண்டே போய், இரை அடிக்கடி கல்லில் தட்டித் தக்கை துடிக்கும்போது தக்கையை ஒரு சாண் கீழே இறக்குங்கள். மேல் தண்ணீர் எப்போதும் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும். தக்கையை அப்படியே விட்டால் அது முன்னால் ஓடி, இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். மீன் முதலில் பார்ப்பது நரம்பையும் ஈயத்தையும். ரீலை விரலால் லேசாகத் தடுத்து, தக்கையை நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாக நகர விடுங்கள். தக்கை, தண்ணீர் வரும் பக்கமாகச் சற்றே சாய்ந்து வரும். அந்தச் சாய்வு கிடைத்துவிட்டால் இரை முன்னால் போகிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். அவர் நான்கு மீன் பிடித்தார், அதே மடுவில், அதே சினையில் எனக்கு ஒன்றும் இல்லை. என் ரீலின் மேல் தன் விரலை வைத்து, "இப்படி" என்றார். அவ்வளவுதான் பாடம்.

இலை உதிரும் காலத்துத் தொல்லை ஒன்று. காற்று அடித்த மறுநாள் ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் ஒரு இலை வரும். இலை ஒட்டிய இரையை எந்த மீனும் தொடாது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பாருங்கள், சோம்பல் படாதீர்கள். இலைகள் ஓட்டக் கோட்டில்தான் திரளும், அதற்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டால் தப்பிக்கலாம்.

தக்கை அமிழ்ந்தால் ராடை உறுதியாக உயர்த்துங்கள். கூட்டத்துக்கு நடுவே முள்ளை வீசி வெடுக்கென்று இழுத்து உடம்பில் மாட்டுவது பல இடங்களில் குற்றம், எங்கே செய்தாலும் அசிங்கம். தவறி வாலிலோ முதுகிலோ மாட்டினால் விட்டுவிடுங்கள்.

குழி பறிக்கும் இடம்

கொஞ்சம் நேரம் தூண்டிலை வைத்துவிட்டு இதைப் பாருங்கள். முழங்காலளவு தண்ணீர், கோழிமுட்டை அளவுக் கற்கள். பெண்மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்கும். வெள்ளி வயிறு ஒரு கணம் மின்னும். வாலை ஐந்தாறு முறை படபடவென்று அடிக்கும், கல் எழும்பி ஓட்டத்தில் நகரும், சேறு புகையாகக் கரையும். பிறகு நிமிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி படுக்கும். அதன் வால் தேய்ந்து வெள்ளை எலும்பு தெரியும் வரை இது நடக்கும். பின்னால் வளைந்த தாடையோடு ஆண்கள் ஒன்றையொன்று துரத்தும். ஒரு பெண்மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களுக்கு அடியில், ஓட்டம் கொண்டுவரும் ஆக்ஸிஜனில்தான் அவை வளரும்.

சுற்றியுள்ள கல் பாசியோடு கறுத்திருக்க, பாய் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் கழுவி வைத்தது போல வெளுத்திருந்தால் அது குழி. அதில் கால் வைக்காதீர்கள். ஒரு மிதியில் எத்தனையோ முட்டை நசுங்கும். குழியில் நிற்கும் மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள். அது வந்த வேலையை முடிக்கட்டும். குழிகள் நிறையத் தெரிய ஆரம்பித்தால் நான் அந்தப் பகுதியை விட்டுக் கீழே, புது மீன் வரும் மடுக்களுக்குப் போய்விடுவேன்.

தண்ணீரில் இறங்கும்போது

வேடர்ஸ் (மார்பு வரை வரும், தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் தண்ணீர் கால்வரை நிறைவதை அதுதான் தடுக்கும். ஊன்றுகோல் வேண்டும், ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்ததை எடுங்கள். அடி தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். ஆறு மாறிப் போகும்போது பூட்ஸ், வலை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், ஒரு ஆற்றின் பாசியும் நோயும் அடுத்ததுக்குப் போகக் கூடாது.

உரிமம், எண்ணிக்கை, மூடிய பகுதி, முள்ளின் வகை எல்லாம் ஆற்றுக்கு ஆறு, சில நேரம் பாலத்துக்குப் பாலம் மாறும். சீசனின் நடுவிலும் மாற்றுவார்கள். கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பாருங்கள்.

வைத்துக்கொள்ளப் போவது வெள்ளி நிறம் மாறாத, செதில் கையில் ஒட்டும் புது மீனாக இருக்கட்டும். கறுத்துப் போனதன் சதை வெளிறி, சுவை இழந்திருக்கும். விடப்போகும் மீனை ரப்பர் வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். செவுளில் விரல் விடாதீர்கள், காய்ந்த கையால் தொடாதீர்கள். வாலின் அடியைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக நிறுத்துங்கள். அது தானாக வாலை உதறிக் கிளம்பும் வரை பிடியைத் தளர்த்தி வைத்திருங்கள், சில மீனுக்கு ஒரு நிமிடம், சிலதுக்கு ஐந்து.

பிறகு கரையேறி, ஊன்றிய குச்சியை ஒருமுறை பாருங்கள். விளிம்பு எத்தனை விரல் விலகியிருக்கிறது, தண்ணீர் எத்தனை டிகிரி, பூட்ஸில் எது வரை தெரிந்தது, மீன் மடுவின் எந்தப் பகுதியில் கொத்தியது, மழை பெய்து எத்தனையாவது நாள். கை காய்ந்ததும் நோட்டில் எழுதிவிடுங்கள். காருக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும்.